லீ ஷிசென்: காய்ச்சல் கற்றுத் தந்த பாடம்

நம் ஊரில் உள்ள சீன மருந்துக் கடைக்குள் நுழைந்தால், முதலில் நம்மை எட்டுவது ஒருவகை வாசனை. காய்ந்த வேர், பட்டை, பூ, விதை எல்லாம் கலந்த வாசனை அது. கடையின் சுவரில் சிறு சிறு மர இழுப்பறைகள் வரிசையாக இருக்கும். மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் ஓர் இழுப்பறையைத் திறப்பார். ஒரு பிடி மூலிகையை எடுத்து, தராசில் நிறுத்து, தாளில் மடித்துக் கொடுப்பார்.

அங்கே காய்ச்சலுக்கு மருந்து வாங்க இருவர் வந்தால், இருவருக்கும் ஒரே மூலிகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குளிரில் நடுங்குபவருக்கு ஒன்று, உடல் கொதித்துத் தாகத்தால் தவிப்பவருக்கு வேறொன்று என மருந்து மாறும். எந்தக் காய்ச்சலுக்கு எந்த மூலிகை என்பதைச் சீன மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கவனித்து எழுதி வந்துள்ளனர். அப்படி எழுதப்பட்டவற்றையெல்லாம் திரட்டி, பிழை நீக்கி, ஒரே நூலாகத் தந்தவர் லீ ஷிசென். அவரே ஒருமுறை காய்ச்சலால் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டவர்.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

லீ ஷிசென் 1518ஆம் ஆண்டில் சீனாவின் சிஜோ என்னும் ஊரில் பிறந்தார். யாங்சி ஆற்றின் கரையோரம் இருக்கும் அவ்வூர் இன்றைய ஹூபே மாநிலத்தில் உள்ளது. அப்போது சீனாவை மிங் அரச மரபினர் ஆண்டுகொண்டிருந்தனர்.

அவருடைய குடும்பத்திற்கு மருத்துவம் புதிதன்று. தாத்தா ஊர் ஊராக நடந்து சென்று நோயாளிகளைக் கவனித்த நாட்டு மருத்துவர். தந்தை லீ யென்வென் அவ்வட்டாரத்தில் மதிக்கப்பட்ட மருத்துவர். மூலிகைகளைப் பற்றி நூல்களும் எழுதியவர். தந்தையுடன் மூலிகைகளைப் பார்த்தும் முகர்ந்தும் சிறுவன் ஷிசென் வளர்ந்தான். வீட்டில் வேர்கள் உலர்வதும் கசாயம் கொதிப்பதும் அவனுக்கு அன்றாடக் காட்சிகள்.

ஆயினும், தம் மகன் மருத்துவராக வேண்டும் என்று தந்தை விரும்பவில்லை. அக்காலத்தில் மருத்துவர்களுக்குச் சமுதாயத்தில் உயர்ந்த இடம் இல்லை. அரசுத் தேர்வில் வென்று அதிகாரி ஆவதே குடும்பத்திற்குப் பெருமை எனக் கருதப்பட்டது. ஆகவே, மகனைத் தேர்வுக்குப் படிக்க வைத்தார்.

ஷிசென் 14 வயதில் முதல் நிலைத் தேர்வில் தேர்ச்சி பெற்றார். குடும்பத்தினர் மகிழ்ந்தனர். அடுத்த நிலைத் தேர்வு வூசாங் நகரில் நடைபெறும். அதில் வென்றால்தான் பதவி கிடைக்க வழி பிறக்கும். அவர் அத்தேர்வை மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் தோல்வியே கிடைத்தது.

உடல் நெருப்பாய்க் கொதித்த நாள்கள்

தேர்வுகளுக்காகப் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், ஏறத்தாழ 20 வயதில், அவர் கடுமையாக நோயுற்றார். முதலில் வந்தது சாதாரணச் சளியும் இருமலுமே. அது நீண்ட நாள் நீடித்தது. நோயாளி காக்க வேண்டிய கட்டுப்பாடுகளை அவர் சரியாகக் காக்கவில்லை. இருமல் முற்றியது, காய்ச்சல் பற்றிக்கொண்டது. தோல் நெருப்பைப் போல் சுட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு கிண்ணம் அளவுக்குச் சளி வெளியேறியது. கோடைக் காலம் வேறு, தாகம் வாட்டியது. உறக்கம் இல்லை, உணவும் இறங்கவில்லை.

மருத்துவர் வீட்டில் மருந்துக்குக் குறைவில்லை. காய்ச்சலுக்குப் பெயர் பெற்ற சைஹூ என்னும் வேர் கொடுக்கப்பட்டது. வறட்சியைப் போக்கும் வேறு மூலிகைகளும் கொடுக்கப்பட்டன. ஒரு மாதத்திற்கு மேல் அவற்றை உட்கொண்டும் காய்ச்சல் குறையவில்லை, மாறாகக் கூடியது. இனி இவர் பிழைக்கமாட்டார் என்றே சுற்றி இருந்தோர் முடிவு கட்டினர்.

தந்தை மட்டும் தேடுவதை நிறுத்தவில்லை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லீ தோங்யுவான் என்னும் மருத்துவரின் குறிப்பு ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. நுரையீரலில் சூடு தங்கி, உடல் எரிந்து, தாகம் மிகுந்து, பகலில் காய்ச்சல் கூடினால் ஹுவாங்சின் என்னும் ஒரே மூலிகையைத் தனியாகக் கொடுக்கலாம் என்பது அக்குறிப்பின் சாரம். மகனின் நிலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வோர் அறிகுறியும் பொருந்தியது.

ஹுவாங்சின் என்பது மஞ்சள் நிற வேரையுடைய செடி. நீலமும் ஊதாவும் கலந்த பூக்களைத் தரும். நாம் அறிந்த துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் மிகவும் கசக்கும். தந்தை அந்த வேரை எடுத்து, இரண்டு குவளை நீரில் இட்டு, ஒரு குவளையாகச் சுண்டும்வரை காய்ச்சினார். அந்தக் கசாயத்தை மகன் ஒரே முறையில் குடித்து முடித்தார்.

மறுநாள் உடல் சூடு முழுவதும் தணிந்தது. இருமலும் சளியும் நீங்கின.

இந்நிகழ்ச்சியை லீ ஷிசென் பல ஆண்டுகளுக்குப் பிறகு தம் நூலில், ஹுவாங்சின் வேரைப் பற்றிய பகுதியிலேயே எழுதி வைத்தார். தம்மைக் காப்பாற்றிய மருந்தை மட்டும் அவர் எழுதவில்லை. ஒரு மாதம் உட்கொண்டும் பலன் தராத மூலிகைகளின் பெயர்களையும் சேர்த்தே எழுதினார். வெற்றியைப் போலவே தோல்வியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒரே காய்ச்சல் அன்று

சைஹூவும் காய்ச்சல் மருந்து. ஹுவாங்சினும் காய்ச்சல் மருந்து. அப்படியிருக்க, ஒன்று தோற்றதும் மற்றொன்று வென்றதும் ஏன்? இதைப் புரிந்துகொள்ளச் சீன மருத்துவர்கள் காய்ச்சலை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அறிய வேண்டும்.

இன்று நாம் வெப்பமானியைக் கொண்டு காய்ச்சலை அளக்கிறோம். அக்காலத்தில் வெப்பமானி இல்லை. மருத்துவர் நோயாளியின் நாடியைப் பார்ப்பார். நாக்கின் நிறத்தைக் கவனிப்பார். குளிர்கிறதா, வியர்க்கிறதா, தாகம் எடுக்கிறதா, எந்த நேரத்தில் சூடு கூடுகிறது எனக் கேட்பார். இவற்றைக் கொண்டு காய்ச்சலை வகைப்படுத்துவார்.

இம்முறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் சாங் சோங்ஜிங். அவர் ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்தவர். அவருடைய குடும்பம் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டது. பத்து ஆண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரு பங்கினர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சலே கொண்டு சென்றது. அந்தத் துயரமே காய்ச்சலைப் பற்றி நூல் எழுத அவரைத் தூண்டியது.

அவர் வகுத்த வழியில் காய்ச்சலைத் தணிக்கும் முறைகள் சில உண்டு. காய்ச்சலோடு குளிரும் நடுக்கமும் இருந்து, வியர்வை வராவிட்டால், மாஹுவாங் தண்டு, இலவங்க மரத்தின் இளங்குச்சி போன்றவற்றைக் காய்ச்சிக் கொடுப்பார்கள். அவை வியர்வையை வரவழைக்கும். வியர்வை ஆவியாகும்போது உடல் குளிரும். குளிரும் சூடும் மாறி மாறி வந்தால் சைஹூ வேர் சேர்ந்த கசாயம் கொடுப்பார்கள். குளிர் நடுக்கம் இன்றி, மிகுந்த சூடும் தாகமும் வியர்வையும் இருந்தால், ஜிப்சம் என்னும் கனிமத்தோடு அரிசியும் மூலிகைகளும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுப்பார்கள். ஹுவாங்சின் போன்ற கசப்பு வேர்கள் உள்ளே தங்கிய சூட்டை வெளியேற்றும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இளைஞர் ஷிசெனுக்குச் சூடும் குளிரும் மாறி மாறி வரவில்லை. நெருப்பாய்க் கொதிக்கும் சூடே இருந்தது. அவருடைய தந்தை அடைந்த தெளிவு இதுதான்: காய்ச்சல் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் ஒன்றன்று. சரியான மூலிகையைத் தேர்ந்தெடுக்கத் தவறினால், நல்ல மூலிகையும் பயன் தராது.

ஏடுகளில் இருந்த பிழைகள்

மூன்றாம் முறையும் தேர்வில் தோற்ற பிறகு, தமக்கு ஏற்ற வழி மருத்துவமே என லீ ஷிசென் முடிவு செய்தார். தந்தையும் அதற்கு இசைந்தார். மகன் தந்தையிடம் முறையாக மருத்துவம் கற்றார். ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் மருத்துவம் பார்த்ததால் அவருடைய பெயர் பரவியது.

வூசாங் நகரில் இருந்த சூ இளவரசர் தம் மாளிகையில் மருத்துவப் பொறுப்பை அவருக்கு அளித்தார். பின்னர், தலைநகர் பெய்ஜிங்கில் இருந்த அரச மருத்துவக் கழகத்தில் பணியாற்றும் வாய்ப்பும் கிடைத்தது. எளிதில் பார்க்க முடியாத அரிய நூல்களையும் தொலைதூரத்திலிருந்து வந்த மருந்துப் பொருள்களையும் அங்கே கண்டார். பலர் ஏங்கும் பதவி அது. ஆனால், அவர் அங்கே நெடுநாள் தங்கவில்லை, ஊர் திரும்பினார்.

அவரை உறுத்திக்கொண்டிருந்தது ஒரு கவலை. மருத்துவர்கள் நம்பிப் பயன்படுத்திய மூலிகை நூல்களில் பிழைகள் மலிந்திருந்தன. ஒரே கிழங்கு இரண்டு பெயர்களில், இரண்டு வெவ்வேறு மருந்துகளாக எழுதப்பட்டிருந்தது. வேறு வேறு செடிகள் ஒரே பெயரின்கீழ் இடம்பெற்றிருந்தன. உடலுக்கு வலுவூட்டும் வேர் ஒன்றும் உயிரைப் பறிக்கும் நச்சுக்கொடி ஒன்றும் தோற்றத்தில் ஒத்தவை எனப் பழைய நூல் ஒன்று கூறியிருந்தது. அதை நம்பி ஒருவர் மாற்றிப் பறித்துவிட்டால் என்ன ஆகும் என எண்ணிப் பாருங்கள்.

பாதரசத்தை உண்டால் நீண்ட காலம் வாழலாம் எனவும் சில நூல்கள் கூறின. அதை நம்பிப் பலர் மாண்டிருந்தனர். பாதரசம் நஞ்சு என்பதை லீ ஷிசென் தெளிவாக எழுதி, அந்தப் பழைய கருத்தைக் கண்டித்தார்.

நூலில் இருக்கும் ஓர் எழுத்துப்பிழை மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். மருத்துவ நூலில் இருக்கும் பிழையோ உயிரையே கொண்டுபோய்விடும். ஒரு பழைய நூலின் சரியான குறிப்பால் உயிர் பிழைத்தவர் அவர். பிழையான குறிப்பால் இன்னொருவர் உயிர் இழப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இருபத்தேழு ஆண்டு உழைப்பு

1552ஆம் ஆண்டில் லீ ஷிசென் பணியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 34 வயது. ஏறத்தாழ 800 நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்தார். மருத்துவ நூல்களோடு வரலாறு, நிலவியல், இலக்கிய நூல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஆனால், ஏட்டில் உள்ள பிழையை ஏட்டை மட்டும் கொண்டு திருத்த முடியாது. எனவே, அவர் ஊர் ஊராகச் சென்றார், மலை ஏறினார், காட்டுக்குள் நடந்தார். உழவர், மீனவர், விறகு வெட்டுவோர், வேடர் எனப் பலரிடமும் கேட்டறிந்தார். கல்வியில் தம்மைவிடக் குறைந்தவர்களிடம் கேட்பதை அவர் இழிவாக எண்ணவில்லை. ஒரு செடி எங்கே வளர்கிறது, எப்போது பூக்கிறது, அதன் வேர் எந்த நிறம் என்பதை அதனோடு அன்றாடம் பழகுபவர்களே நன்கு அறிவார்கள் என அவர் நம்பினார்.

கேட்டதைச் சோதித்தும் பார்த்தார். எறும்புத்தின்னி எறும்புகளை உண்கிறது எனப் பழைய நூல் ஒன்று கூறியது. அவர் அவ்விலங்கின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஏராளமான எறும்புகள் இருந்தன. நூல் கூறியது உண்மை என உறுதிப்படுத்தினார். மயக்கம் தரும் ஊமத்தை இனப் பூவின் தன்மையை அறிய, அதை மதுவில் கலந்து தாமே அருந்திப் பார்த்தார். இது ஆபத்தான சோதனை. இன்று யாரும் செய்யக் கூடாதது.

அவர் கையெழுத்துப் படியை மூன்று முறை திருத்தி எழுதினார். மகன்களும் பேரன்களும் மாணவரும் உதவினர். 1578ஆம் ஆண்டில், அவருடைய 60ஆம் வயதில், நூல் நிறைவு பெற்றது. அதற்குப் 'பென்சாவ் காங்மு' எனப் பெயரிட்டார். மருந்துப் பொருள்களை வகையும் விரிவுமாகத் தொகுத்துத் தரும் நூல் என்பது அதன் பொருள்.

அந்நூல் 52 பகுதிகளைக் கொண்டது. அதில் 1,892 மருந்துப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன; அவற்றுள் 374 பொருள்களை அவரே புதிதாகச் சேர்த்தார். 11,000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளும் 1,100க்கும் மேற்பட்ட படங்களும் அதில் உள்ளன.

பொருள்களை அவர் அடுக்கிய முறையும் சிறப்பானது. நீர், நெருப்பு, மண், கனிமம், செடி, தானியம், காய்கறி, பழம், மரம் எனத் தொடங்கி விலங்குகள்வரை 16 பிரிவுகளாக வகுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பல்வேறு பெயர்கள், வளரும் இடம், தோற்றம், பக்குவப்படுத்தும் முறை, சுவை, தீர்க்கும் நோய்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதினார். தேவைப்பட்ட இடங்களில் பிழை திருத்தம் என்னும் தனித் தலைப்பையும் வைத்தார்.

அச்சேறக் காத்திருந்த நூல்

நூல் முடிந்தாலும், அது மக்கள் கையில் கிடைக்க வழி பிறக்கவில்லை. அக்காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் மரப்பலகையில் செதுக்கித்தான் அச்சிட வேண்டும். இவ்வளவு பெரிய நூலுக்குப் பெரும் பணம் செலவாகும். சிற்றூர் மருத்துவர் ஒருவரின் நூலை நம்பி முதல் போட அச்சகத்தார் தயங்கினர்.

1580ஆம் ஆண்டில் லீ ஷிசென் தம் கையெழுத்துப் படியைச் சுமந்துகொண்டு, அக்காலத்தின் புகழ்பெற்ற அறிஞர் ஒருவரைத் தேடிச் சென்றார். அவரிடம் முன்னுரை ஒன்று வேண்டினார். பெரியவர் ஒருவரின் முன்னுரை இருந்தால் அச்சகத்தார் முன்வருவார்கள் என்பது அவர் எண்ணம். அந்த முன்னுரை 1590ஆம் ஆண்டில்தான் எழுதப்பட்டது. பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன.

பின்னர், நான்ஜிங் நகரைச் சேர்ந்த ஹூ செங்லோங் என்னும் பதிப்பாளர் நூலை வெளியிட முன்வந்தார். பலகைகளைச் செதுக்கும் பணி சில ஆண்டுகள் நீடித்தது. 1593ஆம் ஆண்டில் லீ ஷிசென் காலமானார். நூல் 1596ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட அந்த நூலை, அச்சிட்டு முடித்த வடிவில் பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அதே ஆண்டில் அவருடைய மகன் நூலின் படி ஒன்றை மிங் பேரரசருக்கு அனுப்பி வைத்தார். அரண்மனை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மருத்துவர்களோ அதைத் தேடிப் படித்தனர். நூல் மீண்டும் மீண்டும் அச்சானது. 1607ஆம் ஆண்டிற்குள் ஜப்பானை எட்டியது. அதன் பகுதிகள் பின்னர் ஐரோப்பிய மொழிகளிலும் வெளிவந்தன. நூலின் முதற்பதிப்பை 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இன்றைய அறிவியல் கூறுவது

லீ ஷிசெனைக் காப்பாற்றிய வேர் உண்மையிலேயே காய்ச்சலைத் தணிக்குமா? இன்றைய அறிவியல் இதை வேறு சொற்களில் ஆராய்கிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பகுதி ஒன்று உண்டு. வழக்கமாக அது உடல் வெப்பத்தை 37 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்கும். கிருமிகள் உடலில் நுழையும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் எச்சரிக்கை வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் விளைவாக புரோஸ்டாகிளான்டின் என்னும் பொருள் உருவாகி, அந்தக் கட்டுப்பாட்டு அளவை உயர்த்துகிறது. உடல் சூடேறுகிறது. கிருமிகளை எதிர்க்க உடல் தானே மூட்டிக்கொள்ளும் நெருப்புதான் காய்ச்சல்.

ஹுவாங்சின் வேரில் பைக்காலின் என்னும் பொருள் இருப்பதை அறிவியலாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆய்வுக்கூட விலங்குகளில் அது அழற்சியையும் காய்ச்சலையும் குறைப்பதைக் கண்டுள்ளனர். வியர்வையை வரவழைக்கும் மாஹுவாங் தண்டில் எபெட்ரின் உள்ளது. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். அதனால், பல நாடுகள் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன.

ஆகவே, மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. ஹுவாங்சின் சேர்ந்த மருந்துகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. ஒருவர் குணமடைந்த நிகழ்ச்சியை மட்டும் கொண்டு எல்லாரும் குணமடைவர் எனவும் கூற முடியாது. பலரிடம் முறையாகச் சோதித்த பிறகே ஒரு மருந்தை நம்பலாம். நம் வட்டாரத்தில் டிங்கி போன்ற ஆபத்தான காய்ச்சல்களும் உண்டு. காய்ச்சல் நீடித்தால் நாமே கசாயம் காய்ச்சிக் குடிக்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

ஒரு கைப்பிடிச் செடி

'பென்சாவ் காங்மு' நூலில் காய்ச்சல் தொடர்பான இன்னொரு குறிப்பும் இருக்கிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்னும் மருத்துவர், குளிரும் சூடும் விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு மருந்து ஒன்றை எழுதியிருந்தார். சிங்ஹாவ் என்னும் செடியை ஒரு கைப்பிடி எடுத்து, நீரில் ஊறவைத்து, பிழிந்து சாற்றைக் குடிக்க வேண்டும் என்பது அதன் செய்முறை. லீ ஷிசென் அதைத் தம் நூலிலும் சேர்த்தார்.

அந்தக் காய்ச்சலையே இன்று மலேரியா என்கிறோம். கொசு கடிப்பதால் உடலில் புகும் ஒட்டுண்ணிகள் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பதால் அது வருகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் பலரையும் அந்நோய் பலி கொண்டது.

1969ஆம் ஆண்டில் சீன அறிவியலாளர் தூ யோயோ மலேரியாவுக்கு மருந்து தேடும் குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்றார். அவரும் பழைய மூலிகை நூல்களைத் துருவி ஆராய்ந்தார். சிங்ஹாவ் செடியைக் காய்ச்சிச் சோதித்தபோது நிலையான பலன் கிடைக்கவில்லை. அப்போது கே ஹோங்கின் குறிப்பை மீண்டும் படித்தார். அதில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருந்தது. மிகுந்த சூடு மருந்தின் ஆற்றலை அழித்துவிடுகிறது என்பதை அவர் உணர்ந்தார். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்னும் நீர்மத்தைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971ஆம் ஆண்டில் அந்தச் சாறு ஆய்வில் முழு வெற்றி தந்தது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆர்ட்டிமிசினின் மலேரியா ஒட்டுண்ணிகளை அழிக்கிறது; அவை அழிந்ததும் காய்ச்சல் நீங்குகிறது. இக்கண்டுபிடிப்பிற்காக அவருக்கு 2015ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு செடிகளை லீ ஷிசென் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருந்தார். ஒன்றைச் சிங்ஹாவ் எனவும் மற்றதை மஞ்சள் பூச் செடி எனவும் குறித்தார். மலேரியாவுக்கான குறிப்பைச் சிங்ஹாவின்கீழ் வைத்தார். ஆனால், ஆர்ட்டிமிசினின் இருப்பது மஞ்சள் பூச் செடியில்தான் என இன்றைய ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். முன்னோரின் பிழைகளைத் திருத்திய அவருடைய நூலையும் பின்வந்தோர் திருத்த வேண்டியிருந்தது.

இது அவருக்குக் குறையன்று. பெரியவர் எழுதினார் என்பதற்காக எதையும் அப்படியே ஏற்காமல், பார்த்து, கேட்டு, சோதித்து, பிழை கண்டால் திருத்த வேண்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய வழி. தேர்வில் மூன்று முறை தோற்ற ஓர் இளைஞர், தம் உயிரைக் காத்த ஒரு கசப்பு வேரை மறக்கவில்லை. அந்த வேருக்குரிய சரியான பெயரும் சரியான பயனும் அடுத்த நோயாளிக்கும் கிடைக்க வேண்டும் என்றே 27 ஆண்டுகள் உழைத்தார். அடுத்த முறை சீன மருந்துக் கடையைக் கடந்து செல்லும்போது, அந்த இழுப்பறைகளில் ஒன்றில் ஹுவாங்சின் வேரும் இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.